மஞ்சரிக்குத் தகப்பன் இல்லை

தாதர், பம்பாய்
12 ஜூன் 1953

பாபுஜியின் பாதம் தொட்டு சரயூ எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல் இருக்கிறீர்கள் என்று யாராவது வந்து எனக்குச் சொன்னால் நன்றாக இருக்கும்.

என்னை இங்கே விட்டுவிட்டு நீங்கள் ரயிலேறி ஆறு வாரம் ஆகிவிட்டது. ஸெரஃபினா ஆன்ட்டி வீட்டில்தான் இருக்கிறேன். ஸ்டூடியோவில் எனக்குத் தலை வாரிப் பூ வைப்பதும் அவர்தான். கோவாக்காரி, வாயைத் திறந்தால் திட்டு. ஆனால் காலையில் நான் பால் குடித்து முடிக்கிற வரை எதிரே இடுப்பில் கை வைத்து நிற்பார். நான்காவது மாடி. நல்ல காற்று.

போன திங்களன்று என் முதல் காட்சி. புருஷன் செத்துப்போன செய்தி கேட்டு அழ வேண்டும். கண்ணில் போட ஏதோ மருந்து கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்றேன். அம்மாவை நினைத்துக்கொண்டேன். டைரக்டர் போதும் என்ற பிறகும் அழுகை நிற்கவில்லை. ஆன்ட்டி வந்து முகத்தைத் துடைத்து, "போதும்டி, ரெண்டாவது படத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

படத்துக்குப் பணம் போடுகிற சேட் எனக்குப் பெயர் மாற்றிவிட்டார். "சரயூ கரேன்னா கணக்கு டீச்சர் மாதிரி இருக்கு" என்கிறார். இனி சினிமாவில் நான் மஞ்சரி. கடிதம் எழுதும்போது உறையின் மேல் ஆன்ட்டியின் பெயரை மட்டும் எழுதுங்கள். இங்கே தபால்காரர் வீடு மாற்றிக் கொடுத்துவிடுகிறார், வேறொன்றும் இல்லை.

உங்கள் மகள்
சரயூ


இட்டார்சி
27 ஜூன் 1953

சிரஞ்சீவி சரயூவுக்கு ஆயிரம் ஆசிகள். இங்கே நான் நலம். நீ இல்லாததால் கிச்சடியில் உப்பு மட்டும் நலமாக இல்லை.

ஜான்சியிலிருந்து மாற்றல் கேட்டு வாங்கி இங்கே வந்துவிட்டேன். அங்கே இருந்தால் தெருவில் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். இங்கே யாருக்கும் நம்மைத் தெரியாது. மகள் பம்பாயில் ஆசிரியர் பயிற்சி படிக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பார்சல் ஆபீசில் எனக்கு எதிர் மேஜை சுக்லா. நல்லவன்தான், ஆனால் ஊர் வம்பு அவ்வளவும் அவன் வாய் வழியாகத்தான் போகவேண்டும். இப்போது மாம்பழக் கூடை வரும் காலம், சட்டையெல்லாம் மாம்பழ வாசனை.

ஒன்பது வயதில் உனக்கு வந்த மூட்டுக் காய்ச்சலை மறந்துவிடாதே. மூட்டு சரியானாலும் நெஞ்சுக்குள் பழுது தங்கியிருக்கலாம் என்று ஜான்சி டாக்டர் சொன்னார். நான்காவது மாடி என்கிறாய். ஒவ்வொரு மாடியிலும் நின்று ஏறு.

உறையில் ஸெரஃபினா பெயரையே எழுதியிருக்கிறேன். காரணம் கேட்கவில்லை.

பாபுஜி


தாதர்
20 நவம்பர் 1953

பாபுஜிக்கு வணக்கம். தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய லட்டில் பாதி ஆன்ட்டிக்கு, பாதி எனக்கு. இருமல் போய்விட்டதா? துளசிக் கஷாயம் குடிக்கிறீர்களா?

நடனக் காட்சி ஒன்பது நாள் எடுத்தார்கள். கோவில் படிக்கட்டில் ஆடிக்கொண்டே ஏற வேண்டும். எட்டாம் நாள் டைரக்டருக்கே என்ன தோன்றியதோ, இனி நான் உட்கார்ந்து பாடுகிற மாதிரி எடுக்கலாம் என்றார். உட்கார்ந்தால் என் முகம் இன்னும் எடுப்பாக இருக்கிறதாம்.

நாங்கள் வீடு மாறி அதே தெருவில் கீழ்த் தளத்துக்கு வந்துவிட்டோம். எலி அதிகம், ஆனால் வசதி. பழைய இடத்தில் தண்ணீர் ஏறுவதில்லை.

பத்திரிகைகளில் என்னைப் பற்றி எதையாவது எழுதுவார்கள். வாங்கிப் படிக்காதீர்கள் பாபுஜி. எல்லாம் வியாபாரம். ஷூட்டிங் இல்லாத நாட்களில் ஆன்ட்டி வேலைக்குப் போனபின் பேச ஆள் இல்லை. வெளியே தனியாகப் போகவும் சேட் விடுவதில்லை. ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களின் கால்கள் தெரியும். யாருடைய நடையாவது உங்களுடையது மாதிரி இருந்தால் குனிந்து முகத்தைப் பார்ப்பேன்.

சரயூ


இட்டார்சி
18 ஜனவரி 1954

மகளுக்கு ஆசி. குளிர் அதிகம், மற்றபடி குறை இல்லை. உன் உடம்பு எப்படி?

நீ சொன்னபடி நான் பத்திரிகை எதுவும் வாங்குவதில்லை. ஆனால் சுக்லா வாங்குகிறான். நேற்று மத்தியானம் ஆபீசில் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தான். யாரோ மஞ்சரி என்று புது நடிகையாம். பீகாரில் முங்கேர் பக்கம் ஒரு ஜமீன் வீட்டுப் பெண்ணாம். இருபது வருஷத்துக்கு முன் வந்த நிலநடுக்கத்தில் தாய் தகப்பன் இரண்டு பேரும் மாண்டு, கன்னியர் மடத்தில் வளர்ந்தாளாம். அந்தத் தகப்பன் கைக்குழந்தையை ஜன்னல் வழியாக வெளியே தூக்கிப் போட்டுவிட்டுத் தூணடியில் மாட்டிக்கொண்டாராம்.

"ஐயோ பாவம், தகப்பன் முகமே பாக்காத பொண்ணு" என்று சுக்லா உச்சுக்கொட்டினான். எல்லோரும் கொட்டினார்கள். நானும் கொட்டினேன். வேறு என்ன செய்வது?

நல்ல சாவுதான் அந்த மனிதருக்கு. எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

கம்பளி ஒன்று அனுப்பியிருக்கிறேன். பம்பாயில் குளிரில்லை என்று சொல்லாதே. போர்த்திக்கொள்.

பாபுஜி


தாதர்
3 மார்ச் 1954

பாபுஜி, உங்கள் நலம் கேட்கவும் எனக்கு வாய் எழவில்லை.

ஆறு கடிதம் எழுதிக் கிழித்தேன். விளம்பரம் பார்க்கிறவர் சேட் முன்னால் வைத்துச் சொன்னார்: "பார்சல் குமாஸ்தா பொண்ணுன்னா எவன் வருவான் தியேட்டருக்கு? ராஜகுமாரின்னு சொல்லு, அனாதைன்னு சொல்லு. ஜனம் தலையில தூக்கி வச்சு ஆடும்." நான் உங்களைச் சாகடிக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். சேட் ஒப்பந்தத்தை எடுத்து மேஜையில் வைத்தார். என் பிறப்பைப் பற்றி அவர்கள் சொல்லும் கதையை நான் மறுக்கக்கூடாது என்ற வரியும் அதில் இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டவள் நான்.

ஒரே ஒரு வருஷம் பொறுங்கள். ஒரு படம் ஓடிவிட்டால் என் பேச்சுக்கும் மதிப்பு வரும். அப்போது நானே சொல்கிறேன்.

ஏப்ரல் பதினாறு, வெள்ளிக்கிழமை படம் வெளியாகிறது. சேட் பெரிய கூட்டம் கூட்டுகிறார். நீங்கள் வரவேண்டாம் பாபுஜி. வெயில் உங்களுக்கு ஆகாது. நெரிசல் வேறு.

கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சரயூ


இட்டார்சி
10 ஏப்ரல் 1954

சிரஞ்சீவி சரயூவுக்கு ஆசி. நலம்.

பதினாறாம் தேதி எனக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் நீ கவலைப்பட வேண்டியதில்லை. வாசலில் கால் வைக்கும்போது அம்மாவை நினைத்துக்கொள்.

பாபுஜி


தாதர்
9 மே 1954

பாபுஜிக்கு வணக்கம். வெயில் எப்படி இருக்கிறது? பானைத் தண்ணீர்தானே குடிக்கிறீர்கள்?

படம் நன்றாக ஓடுகிறது. வாசலில் தினமும் நூறு பேர் நிற்கிறார்கள். போன வாரம் ஒரு பெண் தன் குழந்தையை என் கையில் கொடுத்து, "உங்க பேரையே வச்சிருக்கேன்" என்றாள். எந்தப் பெயர் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். இத்தனை பேர் பார்க்கிறார்கள். ஆனால் சாப்பிட்டாயா என்று கேட்க ஆன்ட்டியைத் தவிர ஆள் இல்லை.

அடுத்த படம் தொடங்கிவிட்டது.

ஒன்று கேட்கவேண்டும். அன்று, பதினாறாம் தேதி, நீங்கள் இட்டார்சியில்தானே இருந்தீர்கள்?

சரயூ


இட்டார்சி
30 ஜூன் 1954

மகளுக்கு ஆசி. மழை வந்துவிட்டது. இருமல் கொஞ்சம்.

உன் படம் ஒருவழியாக இந்த ஊருக்கும் வந்தது. நான்கு தடவை பார்த்தேன். சுக்லாவுக்குக் கொண்டாட்டம். "என்ன கரே பாபு, நாலாவது தடவையா? கிழட்டுக் குதிரைக்குக் கொள்ளு வாசனை அடிச்சிருச்சோ! கண்ணாடிய நல்லாத் தொடச்சுட்டுப் போங்க!" என்று ஆபீசே சிரிக்கும்படி கத்தினான். நானும் சிரித்து வைத்தேன்.

இரண்டாவது தடவை போனபோது பின் வரிசையில் ஒருவன் உன் இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். எழுந்து வெளியே போய்க் குழாயில் தண்ணீர் குடித்தேன். அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். அடுத்த காட்சியில் நீ ரொட்டி சுட்டுப் பரிமாறுவாய். அதை விட மனம் வரவில்லை. திரும்பப் போய் அவனுக்கு முன்னாலேயே உட்கார்ந்தேன்.

இப்போது நான் கேட்கிறேன், மறைக்காமல் பதில் சொல். கோவில் படி ஏறுகிற பாட்டில், கடைசி அடி பாடும்போது உன் வாய் பாட்டுக்கு முன்பே திறந்துகொள்கிறது. தோள் ஏறி இறங்குகிறது. மற்றவர்கள் அதை நடிப்பு என்று கைதட்டினார்கள். ஒன்பது வயதில் நீ பதினொரு நாள் என் மடியில் கிடந்து அப்படித்தான் மூச்சு வாங்கினாய். கீழ்த் தளத்துக்கு வீடு மாறினது எலிக்காகவா, தண்ணீருக்காகவா?

டாக்டரைப் பார்த்தாயா?

பாபுஜி


கிர்காவ் நர்சிங் ஹோம்
20 அக்டோபர் 1954

பாபுஜியின் பாதங்களுக்கு வணக்கம். நாலு மாதமாகப் பதில் போடாததற்கு என்னை மன்னிக்க வேண்டாம், திட்டுங்கள். இருமல் நின்றதா?

நீங்கள் பயந்தது சரிதான். நெஞ்சில் வால்வு கெட்டிருக்கிறது. ஆகஸ்ட் முதலே தெரியும். "மூச்சு விஷயம் வெளிய போச்சுன்னா ஒருத்தன் உன்னப் புக் பண்ண மாட்டான்" என்றார் சேட். அதனால் வேறு பெயரில் இங்கே சேர்த்திருக்கிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. ஒரு மாதம் படுத்திருந்தால் எழுந்துவிடலாம் என்கிறார் டாக்டர். புதுப் படத்தில் நடனத்துக்கெல்லாம் வேறொரு பெண்ணை என் உடையில் ஆட வைத்து, முதுகுப் பக்கமாக எடுக்கிறார்கள்.

எழுதவேண்டியது அது இல்லை. அன்று தியேட்டர் வாசலில் நான் காரைவிட்டு இறங்கினேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம், கருப்புக் கோட்டு, கையில் துணிப்பை. போலீஸ்காரன் உங்கள் மார்பில் கைவைத்துப் பின்னால் தள்ளினான். உங்கள் குல்லாய் விழுந்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். பக்கத்தில் சேட் நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டோக்காரர்களைப் பார்த்துச் சிரித்தேன். அந்தப் படம்தான் மறுநாள் எல்லாப் பேப்பரிலும் வந்தது. நன்றாக விழுந்திருக்கிறது என்றார்கள்.

ஆறு மாதமாக அந்தச் சிரிப்பு என் முகத்தைவிட்டுப் போகவில்லை பாபுஜி. கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் எட்டாம் தேதி சேட் கல்கத்தா போகிறார். அதற்கப்புறம் வருவீர்களா?

சரயூ


இட்டார்சி
27 அக்டோபர் 1954

என் கண்ணே சரயூ, உனக்கு ஒன்றும் ஆகாது.

தீபாவளிக்கு மறுநாளான இன்று, கணக்கெழுதும் குலமான நம் வீடுகளில் பேனாவைத் தொடமாட்டோம். நாளை பேனாவுக்கும் மைக்கூட்டுக்கும் பூஜை செய்து, சித்திரகுப்தரைக் கும்பிட்ட பிறகுதான் எழுதுவது வழக்கம். என் அப்பாவும் அவர் அப்பாவும் மீறியதில்லை. நான் இன்று மீறிவிட்டேன். பாவமானால் என்னோடு போகட்டும்.

நீ எழுதியதைப் படித்துச் சிரிப்புத்தான் வந்தது. பதினாறாம் தேதி நான் முழு நாளும் இங்கே டூட்டியில் இருந்தேன். வேண்டுமானால் சுக்லாவைக் கேள். பம்பாயில் கருப்புக் கோட்டுப் போட்ட கிழவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். யாரோ ஒரு ரசிகனைப் பார்த்து நீ ஆறு மாதம் உடம்பைக் கெடுத்துக்கொண்டிருக்கிறாய். அசட்டுப் பெண்ணே! உன் அப்பனாக இருந்தால் குல்லாய் விழ விட்டிருப்பானா?

தீபாவளிப் பார்சல் மலைபோல் கிடப்பதால் மாற்று ஆள் ஐந்தாம் தேதிதான் வருகிறான். அவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு மறுநாள் வண்டி ஏறுகிறேன். சேட் ஊரில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. யார் நீ என்று வாசலில் கேட்டால் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவேன்.

அதுவரை ஸெரஃபினா சொல்கிறபடி கேள். பாலை மீதி வைக்காதே.

பாபுஜி


தாதர்
3 நவம்பர் 1954

கரே சாஹிப் அவர்களுக்கு ஸெரஃபினா டிமெல்லோ சொல்ல, பக்கத்து வீட்டுப் பெண் எழுதுவது. ஐயா, நீங்கள் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கவேண்டும்.

நம் பெண் நேற்று மத்தியானம் போய்விட்டாள். காலையில் என்னைத் தலை பின்னிவிடச் சொன்னாள். ஒரு பக்கம் பின்னி முடித்தேன். "கொஞ்சம் இரு ஆன்ட்டி, மூச்சு வாங்கிக்கறேன்" என்றாள். அதோடு சரி.

தந்தி அடிக்கிறேன் என்றேன். சேட்டின் மானேஜர் விடவில்லை. "அனாதைக்கு எங்கேர்ந்து வந்தான் அப்பன்? வாய மூடு" என்றான். இன்று காலையே தகனம் முடித்துவிட்டார்கள். "பொண்ணு என்ன கோத்திரம்?" என்று பண்டிதர் கேட்டார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. மானேஜர்தான் நெருப்பு வைத்தான். வைத்துவிட்டு என்னிடம் வந்து, புதுப் படத்துக்கு அவள் கட்டின புடவைகளை நாளைக்கே கொண்டுவரச் சொன்னான். அந்த இன்னொரு பெண்ணை வைத்து மீதியை முடிக்கப் போகிறார்களாம். எல்லோரும் போன பிறகு அஸ்தியை நான் வாங்கி வைத்திருக்கிறேன். எங்கள் மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கடைசிக் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கையில் பிடிக்கத் தெம்பில்லாமல், இந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணைத்தான் படிக்கச் சொன்னாள். அந்தக் கருப்புக் கோட்டு விஷயம் வந்ததும் சிரித்தாள் ஐயா. ரொம்ப நாளைக்கு அப்புறம் நிஜமாகச் சிரித்தாள். "பொய் சொல்றார் ஆன்ட்டி. பாபுஜிக்குப் பொய் சொல்லவே வராது" என்றாள். மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டாள். அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாள்.

இன்னொன்று. இறந்தவர் பெயரைப் பதிகிற குமாஸ்தா நர்சிங் ஹோமுக்கு வந்தார். மஞ்சரி, தகப்பன் இன்ன ஜமீன்தார், காலமானவர் என்று மானேஜர் எழுதச் சொன்னான். நான் குறுக்கே விழுந்து, அவள் அப்பா இருக்கிறார் என்றேன். குமாஸ்தா நல்ல மனிதர். "அவர் கையெழுத்துப் போட்ட கடுதாசி ஒண்ணு கொண்டாம்மா. சனிக்கிழம மத்தியானம் வரைக்கும் எழுதாம வைக்கிறேன்" என்றார்.

நீங்கள் சாப்பிடாமல் இருந்துவிடாதீர்கள்.

ஸெரஃபினா


இட்டார்சி
5 நவம்பர் 1954

ஸெரஃபினா சகோதரிக்கு. சாப்பிட்டீர்களா? கேட்டு எழுத இனி எனக்கு வேறு ஆள் இல்லை.

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. பெட்டி கட்டி வைத்திருந்தேன். அதை என்ன செய்வதென்று தெரியாமல் வழக்கம்போல ஆபீசுக்குப் போனேன். சுக்லா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, "கரே பாபு, உங்க ஆளு போயிட்டாளாமே! பாவம், கொள்ளி வைக்கக்கூட நாதியில்லாத அனாதை" என்றான்.

"என் மகள்" என்றேன்.

முதலில் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். லீவை நீட்டிக் கேட்டு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன், தேதிக்கு மேல் எழுத வரவில்லை. சுக்லா வந்து பேனாவை வாங்கிக்கொண்டான். காரணம் என்ற இடத்தில் மகள் மரணம் என்று அவனே எழுதினான். எழுதிவிட்டு, "நான் என்னென்னவோ பேசினேனே கரே பாபு... ஏன் என்னை ஒரு அறை அறையல?" என்று கேட்டு அழுதான்.

"அறைஞ்சிருந்தா அவ யாருன்னு கேட்டிருப்பியே" என்றேன்.

அன்று தியேட்டர் வாசலில் வந்தது நான்தான். உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவள் பார்க்கவேண்டும் என்று போகவில்லை. தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். அவள் இறங்கியதும் எனக்குக் கால் நிற்கவில்லை, முன்னால் போய்விட்டேன். பிழை என்னுடையது. பக்கத்தில் நின்றவர், "பெரியவரே, அடி பட்டுச்சா? இந்த வயசுல எதுக்கு இந்த ஆசை?" என்று குல்லாயை எடுத்துத் தட்டிக் கொடுத்தார்.

இன்றைய மெயில் வண்டி கார்டிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நாளை காலை உங்கள் கைக்கு வந்துவிடும். மாற்று ஆள் நாளைக்குத்தான் வந்து சேருவானாம்; அவனிடம் சாவியை ஒப்படைத்துவிட்டு நாளை மாலை வண்டியில் நான் கிளம்பி, ஞாயிறு காலை உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அஸ்தி மாதாவிடமே இருக்கட்டும். நான் வந்து வாங்கிக்கொண்டு நர்மதைக்குக் கொண்டுபோகிறேன்.

கீழே உள்ளதைக் குமாஸ்தாவிடம் காட்டுங்கள்.

இறந்தவர் பெயர் சரயூ. வயது இருபத்தொன்று. பிறந்த ஊர் ஜான்சி. தாய் ராம்கலி, காலமானவர். தந்தை ஜகதம்பா பிரசாத் கரே, ரயில்வே பார்சல் குமாஸ்தா, இட்டார்சி; உயிரோடு இருக்கிறேன்.

தொழில் என்று ஒரு கட்டம் இருந்தால், நடிகை என்று எழுதச் சொல்லுங்கள். நன்றாக நடித்தாள். நான் ஏழு தடவை பார்த்தேன்.

இப்படிக்கு,
சரயூவின் தகப்பன்
ஜகதம்பா பிரசாத் கரே